பட்டாசுத் தொழிலில் தூசு அகற்றல்

பட்டாசுத் தொழிலில் தூசு அகற்றல் என்பது வெடிமருந்தைச் சலிக்கும்போதும் கலக்கும்போதும் குழல்களில் நிரப்பும்போதும் எழும் நுண்துகள், அறையில் படியாமலும் தொழிலாளரின் மூச்சில் கலக்காமலும் பார்த்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். இந்தியப் பட்டாசில் பெரும்பங்கு விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் உருவாவதால், நாட்டிலேயே இந்தச் சிக்கலை அதிகம் சந்திப்பதும் இப்பகுதிதான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலின் தொடர்ச்சியாக இங்கே பட்டாசு வேரூன்றியது. மழை குறைந்த வறண்ட வானிலை மருந்து உலர உதவியது. அதே வறட்சி நிலைமின்னேற்றத்துக்கும் உதவுகிறது.

தூசின் இயல்பு

மரத்தூள், மாவுத்தூள் போன்றவை வெடிக்க வேண்டுமானால் அவை காற்றில் மிதக்க வேண்டும். ஆக்சிஜன், தீப்பொறி, அடைபட்ட இடம் ஆகியவையும் வேண்டும். தரையில் படிந்திருக்கும் மரத்தூளில் பொறி விழுந்தால் பெரும்பாலும் புகைந்து கனலும். பட்டாசு மருந்தின் கதை வேறு. பொட்டாசியம் நைட்ரேட் போன்ற ஆக்சிஜன் தரும் உப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் ஆகியவை கலந்தபின் அந்தத் தூசு காற்றை எதிர்பார்ப்பதில்லை; எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. உத்தரத்திலும் கதவு இடுக்கிலும் மெல்லிய படலமாகப் படிந்த மருந்துகூட, ஓர் அறையில் பிறந்த தீயை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகும் திரியாகிவிடும். உராய்வே அதைப் பற்றவைக்கப் போதும். செருப்பில் ஒட்டிய ஒரு மணல்துகள் அந்த உராய்வைத் தந்துவிடும்.

அலுமினியப் பவுடர் மற்றொரு வகையிலும் தொல்லை தருவது. ஈரம் பட்டால் மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜனையும் வெப்பத்தையும் வெளியிடும். நைட்ரேட் கலந்த மருந்தில் இந்த வெப்பம் தேங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். இதைத் தடுக்கச் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. முதல்நாள் மீந்து நீர்த்துப்போன மருந்து மறுநாள் காலையில் வெடித்தது என்று செய்திகளில் அடிக்கடி வருவதற்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான்.

உறிஞ்சு கருவி ஏன் உதவாது

மரப்பட்டறையில் அலமாரிப் பலகைகளை அறுக்கும் கணினிவழி இயந்திரமான சி.என்.சி. ரௌட்டரில், அறுக்கும் அலகைச் சுற்றி ஒரு மூடியைப் பொருத்தி, விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகக் காற்றால் தூளைக் குழாய்க்குள் இழுத்து, சுழல்பிரிப்பானிலும் துணிப்பையிலும் சேர்க்கிறார்கள். மரப்பட்டறைக்கு அது நல்ல வழி. மருந்தறையில் அதே கருவியை வைத்தால் சிதறிக் கிடந்த வெடிமருந்தைத் திரட்டி ஒரு நீண்ட குழாய்க்குள் அடைத்தது போலாகும். பிளாஸ்டிக் குழாயில் தூசு உரசி ஓடும்போது நிலைமின்னேற்றம் சேரும். மோட்டாரிலும் விசிறியிலும் பொறி எழ வாய்ப்புண்டு. ஆகவே மருந்து கலந்த தூசைக் கையாள, அதை நீருக்குள் செலுத்திப் பிடிக்கும் ஈரவகைக் கருவிதான் ஓரளவு ஏற்புடையது. அதற்கும் தரையிணைப்பும் தினசரிக் கழுவலும் கட்டாயம். இரசாயனங்களைக் கலக்கும் முன்பு தனித்தனியாகச் சலிக்கும் அறைகளில் உறிஞ்சும் ஏற்பாட்டுக்கு இடமுண்டு. கலந்தபின் அந்த இடம் சுருங்கிவிடுகிறது.

நடைமுறைகள்

இங்கு தூசைச் சேகரிப்பதைவிட எழவிடாமல் செய்வதே முதல் வேலை. மருந்தைச் சிறு சிறு அளவாகக் கலப்பது, உயரத்திலிருந்து கொட்டாமல் தாழ்வாகச் சரிப்பது, வேலை முடியும் ஒவ்வொரு தட்டையும் மூடி வைப்பது ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. இரும்பைத் தவிர்த்து மரம், பித்தளை, செம்புக் கருவிகளையே பயன்படுத்துவது, நைலான் தவிர்த்துப் பருத்தி ஆடை உடுத்துவது, அறைக்குள் நுழையுமுன் தரையிணைப்புள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தை இறக்குவது ஆகியவை பொறியைத் தடுப்பவை. தரையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைத்தெடுத்த கழிவை நல்ல மருந்தோடு சேர்க்காமல், மூடாத தொட்டியில் நிறைய நீரில் இட்டு, அன்றைக்கே அகற்ற வேண்டும். குறைந்த நீரில் ஊறவைத்து மறுநாளைக்கு விட்டுவைப்பது, மேலே சொன்ன வெப்பத்தை வலிய அழைப்பதாகும்.

விபத்து பற்றிய பேச்சைவிட உடல்நலம் பற்றிய பேச்சு குறைவு. மருந்தறையில் வேலை செய்தவரின் முகமும் கையும் வெள்ளிபோல் மினுங்குவதை இப்பகுதியார் அறிவர். அந்த மினுக்கு நுரையீரலுக்கும் போகிறது. பச்சை நிறம் தரும் பேரியம் நைட்ரேட் நஞ்சு. முகத்தில் கட்டும் கைக்குட்டை பெரிய துகளை மட்டுமே தடுக்கும். நுண்துகளுக்கு அதற்குரிய வடிகட்டி முகக்கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிச் செல்லும் வசதி இருந்தால்தான் தூசு வீட்டுக்குப் போகாது.

சட்டம்

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசை அது எழும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே பிடிக்கச் சொன்னது. அதன் 37ஆம் பிரிவு வெடிக்கக்கூடிய தூசு சேராதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளை, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமான பெசோ நடைமுறைப்படுத்துகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தபின் ஆய்வுகள் கடுமையாக வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்துப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகமான நீரி உருவாக்கிய பசுமைப் பட்டாசு வகைகளில் ஒன்று, வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டுத் தூசை அடக்குவது. நகரத்துக் காற்றுக்காக இவ்வளவு ஆய்வு நடந்தது நல்லதே. ஆனால் அந்தப் பட்டாசு உருவாகும் அறையின் காற்றை அளக்கவும் அதே அக்கறை தேவை. உரிமம் புதுப்பிக்கும்போது கதவு, இடைவெளி, இருப்பு அளவு ஆகியவற்றோடு அறையின் தூசு அளவையும் கேட்க வேண்டும்.