சட்டத்துக்குப் பின்னால்: சாமி படங்களின் வீட்டு வரலாறு

அச்சுப் படங்களின் வரலாறு என்று தேடினால் ஓவியர்கள் வருவார்கள், அச்சகங்கள் வரும். வீட்டுச் சுவரில் அந்தப் படம் எப்படித் தங்கியது என்பது வராது. கருவேப்பிலங்குறிச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய ஓட்டு வீடுகளின் சாமி படங்களைக் கொஞ்ச காலமாகக் குறிப்பெடுத்து வருகிறேன். விருத்தாசலத்திலிருந்து தெற்கே ஜெயங்கொண்டம் போகிற சாலையில் இருக்கிற ஊர் இது. எனக்குத் தோன்றுவது இதுதான்: எந்தப் படம் பிழைக்கணும், எது போகணும்னு முடிவு பண்ணினது ஓவியரும் இல்லை, அச்சகமும் இல்லை. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துக் கொடுத்த பிரேம் கடைக்காரர்தான்.

முதலில் தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவராவ், 1880களில் ரவி வர்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் ஒரு ஜோடிக் கை எல்லாருக்கும் வரைந்து மாளாது, சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடித்து வாங்குங்கள் என்கிற மாதிரி. ரவி வர்மா வெளிநாட்டுக்கு அனுப்பாமல், 1894இல் பம்பாயில் தானே அச்சகம் தொடங்கினார். பிளேக் காலத்துக்குப் பிறகு அது லோனாவ்லா பக்கம் மலவ்லிக்குப் போனது. 1900களின் தொடக்கத்தில், அங்கே வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் கைக்கு விற்கப்பட்டது. ரவி வர்மா 1906இல் இறந்த பிறகும் அவர் பெயரில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நம்ம பக்கத்துல ‘ரவி வர்மா படம்’னு சொல்றதுல பாதி அவர் தொட்டுக்கூடப் பார்க்காதது.

அந்தப் படங்களுக்கு ஓலியோகிராஃப் என்று பெயர். கல்லச்சுதான். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று ஒரே தாளில் திரும்பத் திரும்ப அடித்து, கடைசியில் வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் மாதிரி மினுங்க வைப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இந்த லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் மேலே நிஜ ஜரிகையும் துணியும் ஒட்டிச் சேலை உடுத்தியிருப்பார்கள். அச்சுத் தாளுக்கு அலங்காரம் பண்ணிப் பார்க்கிற மனசு அது. அதை ரசனைக் குறைவு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

விருத்தாசலம் பக்கத்துச் சாதாரண வீடுகளுக்கு இவ்வளவு விலையுள்ள படம் வரவில்லை. இங்கே சுவரை நிறைத்தது கோவில்பட்டியும் சிவகாசியும். சி. கொண்டையா ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கினார். அங்கே இருந்த தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் அவரும் டி. எஸ். சுப்பையா முதலான சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும்தான் காலண்டராகத் தமிழ்நாடு முழுக்கப் போயின. நாடகத் திரை எழுதின கை என்பது அந்தப் படங்களில் நல்லாவே தெரியும். சாமி நேராக நம்மைப் பார்க்கும், பின்னால் தூண்களும் திரையும் இருக்கும். தீப்பெட்டி லேபிள் அடிக்க வந்த சிவகாசி அச்சகங்களுக்கு இது அடுத்த வேலை ஆனது.

காலண்டர் ஒரு விசித்திரமான பொருள். கடைக்காரர் இலவசமாகக் கொடுப்பார். டிசம்பர் முடிந்ததும் அதற்கு வேலை இல்லை. ஆனால் சாமி படத்தைக் குப்பையில் போடவும் மனசு வராது. பெரும்பாலானவை பரணுக்குப் போய்க் கரையானுக்கு ஆகும். ஒன்றிரண்டை மட்டும், இந்த முகம் நல்லா இருக்கு என்று, தேதித்தாளைக் கிழித்துவிட்டுக் கடைக்கு எடுத்துப் போய்க் கண்ணாடி போடுவார்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் கொண்டையா ராஜுவைப் பற்றி எழுதிய கட்டுரைக்குச் ‘சட்டமிடத் தகுந்தது’ என்று பொருள்படும்படிதான் தலைப்பு வைத்தார்.

சட்டம் போடுவதில்தான் இழப்பும் இருக்கிறது. கடையில் ஒரு அளவுச் சட்டம், ஒரு அளவுக் கண்ணாடி இருக்கும். படம் பெரிசா இருந்தால் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். படத்தின் அடியில் ஓவியர் பெயர், அச்சகத்தின் பெயர், விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடை அல்லது காபிக்கடையின் பெயர் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கும். விருத்தாசலத்தில் பழைய பிரேம் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். “வீட்டுக்காரங்க ஓரத்தப் பாக்கமாட்டாங்க தம்பி, சாமி மொகத்தத்தான் பாப்பாங்க. ஜவுளிக்கடை பேருக்குக் கற்பூரம் காட்டுவாங்களா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. விளம்பரத்தை வெட்டினால்தான் அது காலண்டராக இல்லாமல் சாமி ஆகும்.

முன்பக்கம் வெட்டியதைப் பல சமயம் பின்பக்கம் திருப்பிக் கொடுக்கிறது. படத்துக்குப் பின்னால் அட்டையோ மெல்லிய பலகையோ வைத்து, சின்ன ஆணி அடித்து, இடுக்கு தெரியாமல் பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டுவார்கள். அந்தத் தாளில் தேதி இருந்தால், சட்டம் அதற்கு முன்னால் போட்டதில்லை என்பது உறுதி. சில சட்டங்களில் அட்டைக்குப் பதிலாக முந்தைய படமே இருக்கும். மங்கிப்போன பழைய முருகனை எடுத்து எறியாமல், அதன் மேலேயே புது முருகனை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். ஒரு வீட்டின் ஐம்பது வருஷம் ஒரு அங்குல கனத்துக்குள் இருக்கும்.

இந்தப் பக்கத்துச் சுவர்களில் தவறாமல் இருக்கிற ஒருவர் வள்ளலார். விருத்தாசலத்திலிருந்து வடலூர் ஒரு பஸ் தூரம்தான். தலையோடு போர்த்திய வெள்ளை ஆடை, ஒடுங்கிய உடம்பு, இதைப் பார்க்காமல் இங்கே நாலு வீடு தாண்ட முடியாது. ஆனால் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வது வேறு. பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப் போலவே மண்ணில் உருவம் செய்து கொண்டுவந்து காட்ட, அதை அவர் கீழே விட்டு உடைத்தார் என்கிறார்கள். போட்டோ எடுக்க வந்தவருக்குத் துணி மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை என்றும் ஒரு கதை உண்டு. 1872இல் சத்திய ஞான சபையைத் தொடங்கியவர், 1873இல் மேட்டுக்குப்பத்தில் விளக்கை வெளியே வைத்து, அந்த ஜோதியை வழிபடச் சொன்னவர். அவருக்கு இப்போது வீட்டுக்கு வீடு சட்டம் போட்ட படம். இதை முரண்பாடு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நான் பார்த்த வீடுகளில் படத்துக்கு முன்னால் விளக்கு எரிவது நிற்பதில்லை. படத்துக்காக விளக்கா, விளக்குக்குப் பின்புறமாகப் படமா என்று அவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, சேகரிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. காலண்டர் மையில் சிவப்பும் மஞ்சளும் வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும், நீலம் தங்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்த முருகன் பத்து வருஷத்தில் கிருஷ்ணன் நிறத்துக்கு வருவது இதனால்தான். பின்னால் வைக்கிற மலிவான அட்டையிலும் பலகையிலும் இருக்கிற அமிலம் தாளில் இறங்கிப் பழுப்பாக்கும். பலகையின் கணு எங்கே இருந்ததோ அங்கே படத்தில் கறை தெரியும். மழைக்காலத்தில் ஈரம் புகுந்தால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், சாமியின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். புதுசாகச் சட்டம் போட்டால் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், அமிலமில்லாத அட்டை கேளுங்கள். சட்டம் போடாதவற்றைச் சுருட்டாமல், தட்டையாக, தரையை விட்டு உயர்த்தி வையுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம். ஒருமுறை செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரிப் பழம்பொருள் கடைத்தெருக்களில் வாங்குகிறவர்கள் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போவது நல்லது. கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் வைத்த மாதிரி இருக்கும். வரிசை பிசகாத சின்னப் பூ மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட். தாள் பழுப்பாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், டீத்தண்ணியே போதும்.

ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் காரை வீடாக மாறும்போது இந்தச் சட்டங்கள் இறங்குகின்றன. பழைய வீட்டில் சுவரின் மேல்பகுதியில், முன்னால் சாய்ந்து, கீழே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி மாட்டியிருப்பார்கள். புது வீட்டில் டைல்ஸ் பதித்த சின்னப் பூஜை அலமாரி. அதற்குள் இரண்டு படம்தான் கொள்ளும். மிச்சம் கோவில் அரசமரத்தடிக்குப் போகும். கண்ணாடி விரிசல் விட்ட படத்தை வீட்டில் வைக்கக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. மரத்தடியில் விட்டுவிட்டால் வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். தேக்குச் சட்டத்துக்காக வியாபாரிகள் அங்கிருந்து எடுப்பதும் உண்டு, உள்ளே இருந்த படத்தை உருவி அங்கேயே போட்டுவிட்டு. நான் மரத்தடியிலிருந்து எடுப்பதில்லை. ஒரு குடும்பம் வழியனுப்பி வைத்ததை இன்னொருவன் தன் வீட்டு அலமாரிக்கு அழைத்துப் போவது சரியாகப் படவில்லை. இதனால் நல்ல படங்கள் மழையில் கரைந்து போயிருக்கின்றன. நண்பர்கள் திட்டுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இப்போது செய்வது, இறக்கும் முன்பே போய், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, அளவு, எந்தச் சுவர், எந்தத் திசை, பக்கத்தில் யார் படம் என்று எழுதிக்கொள்வது. வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் பின்தாளைப் பிரித்துப் பார்ப்பேன். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வீட்டில் வள்ளலார் படம், சட்டம் வழக்கத்தைவிடக் கனம். உள்ளே இன்னொரு படம் இருக்கணும், அநேகமாக அதைவிடப் பழசு. பிரித்துப் பார்க்கலாமா என்று அந்த வீட்டு ஆயாவிடம் கேட்டேன்.

“எங்க மாமியா அடிச்சி மாட்டுனது. உள்ள என்னா இருக்குதுன்னு நானே பாத்ததில்ல. நீ எதுக்குப் பாக்கணும்?”

என் குறிப்பேட்டில் அந்தப் படத்துக்கு நேராக: உயரம் 20 அங்குலம், அகலம் 14, கிழக்குச் சுவர், பின்பக்கம் திறக்கவில்லை.