‘கைதிகள்’ என்னும் சொல்லும் உடன்சென்ற மகளிரும்

பகதூர் ஷா ஜஃபர் 1858 மார்ச்சு 9இல் செங்கோட்டையில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அக்டோபர் 7இல் தில்லியை நீங்கிய அவர், டிசம்பரில் கல்கத்தாவினின்று ‘மகேரா’ என்னும் போர்க்கப்பலில் இரங்கூனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உடன்சென்ற மகளிருள் எவர்மீதும் வழக்கு நடைபெறவில்லை. எனினும் ஆங்கில அதிகாரிகளின் கடிதங்கள் அனைவரையும் ‘தில்லி அரசுக் கைதிகள்’ என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றன. இத்தொடரை அப்படியே பெயர்க்கும் மொழிபெயர்ப்பு, இல்லாத தண்டனையொன்றை அம்மகளிர்மீது ஏற்றிவிடும்.

இவ்வேறுபாட்டிற்கு அலகாபாத் நிகழ்ச்சியே தக்க சான்று. தொடர்வதா திரும்புவதா என்னும் தெரிவு அங்குக் கிடைத்தபோது தாஜ் மகல் பேகம் முதலியோர் தில்லிக்குத் திரும்பினர். ஜீனத் மகல் கணவருடன் சென்றார். தண்டனை பெற்ற கைதியிடம் எவரும் விருப்பம் கேட்பதில்லை.

ஷா ஜமானி பேகத்தைத் தேடுவது இன்னும் அரிது. இளவரசர் ஜவான் பக்துடன் 1852இல் நிகழ்ந்த அவரது திருமணம், காலிப், ஜௌக் இருவரின் வாழ்த்துப்பாப் போட்டியால் உருது இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. ஆயினும் அவ்வரலாறு மணமகனோடு நின்றுவிடுகிறது. கப்பலேறியபோது மணமகள் பதின்பருவத்தினர். ஆவணங்களில் அவரைக் காட்டுவது பெரும்பாலும் ‘மனைவி’ என்னும் உறவுச்சொல்லே.

ஜஃபர் 1862இல் மறைந்தார். ஜீனத் மகல் தில்லிக்குத் திரும்பாமலே 1886இல் இரங்கூனில் இறந்தார்.