இணையத்தோடு இணைந்த கார்களின் பாதுகாப்பு: இலங்கை

இணையத்தோடு இணைந்த கார், உள்ளேயுள்ள மோடம், புளூடூத் வழியாகத் தயாரிப்பாளரின் சேவையகத்தோடும் உரிமையாளரின் கைப்பேசியோடும் தரவு பரிமாறுகிறது. அந்த வழியில் அந்நியர் நுழையாமல் காப்பது இன்று பிரேக்கைப் போலவே முக்கியம். பாமன்கடை, வெள்ளவத்தை வீதிகளில் ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானில் ஒருவர் பாவித்து, ரீகண்டிஷனாக இங்கு வந்தவை. இலங்கையின் சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

இங்கு பலரும் அறிந்த நிசான் லீஃப் மின்சாரக் காரின் செயலியில் 2016 பெப்ரவரியில் பாரிய ஓட்டை வெளிப்பட்டது. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் ட்ரோய் ஹண்ட், இங்கிலாந்தில் நின்ற சக ஆய்வாளர் ஸ்கொட் ஹெல்மின் காரை, அவர் சம்மதத்தோடு, ஆஸ்திரேலியாவிலிருந்தே இயக்கிக் காட்டினார். சேவையகம் கடவுச்சொல் கேட்கவேயில்லை. வாகன அடையாள இலக்கம் தெரிந்தால் போதும். அது முன்கண்ணாடியூடாகத் தெரியும். கடைசி ஐந்து இலக்கங்களை மாற்றி மாற்றிப் போட்டு வேறு கார்களையும் பிடிக்கலாம். கதவைத் திறக்கவோ காரை ஓட்டவோ முடியாது. ஆனால் ஏசியைப் போட்டு பற்றரியை வடிக்கலாம், முந்தைய பயணங்களைப் பார்க்கலாம். வீட்டில் ஆளில்லாத நேரத்தைக் கள்வனுக்குச் சொல்ல அந்தப் பயணப் பதிவே போதும். ஓட்டை பகிரங்கமானதும் நிசான் அச்செயலியை நிறுத்தியது.

ஓடும் காரையே தொலைவிலிருந்து நிறுத்தலாம் என்பதை 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வலசெக்கும் ஜீப் செரோக்கியில் காட்டினர். 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன.

ரீகண்டிஷன் காரில் ஜப்பான் மொழி செட்டைக் கழற்றி, மலிவான ஆண்ட்ரொய்ட் செட் பூட்டுவது இங்கு வழக்கம். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது அரிது. பற்றரி நிலையைப் பார்க்க ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள, கோளாறு கண்டறியும் ஓபிடி துளையில் செருகும் புளூடூத் கருவி அதைவிட ஆபத்தானது. அத்துளை நேரே காரின் உள்வலையமைப்புக்குப் போகிறது. மலிவுக் கருவிகள் பலவற்றின் இரகசிய எண் 1234 தான். பார்த்து முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வாகன இணையப் பாதுகாப்புக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 155, 2022 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கும் 2024 ஜூலை முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. அதற்கு முன் விற்கப்பட்ட கார்களை அது காக்காது. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம், அனுமதியின்றி நுழைபவரைத் தண்டிக்கும். பாதுகாப்பற்ற காரை விற்பவரை அது கேட்பதில்லை.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபின், செயலியோடு வரும் சீன மின்சாரக் கார்கள் பெருகியுள்ளன. அவை கைமாறும்போது பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறினாலும் செயலிக் கணக்கு தானாக மாறாது. வாங்குபவர், பழைய உரிமையாளர் தம் கணக்கை நீக்குவதைக் கண்முன் பார்த்த பின்பே பணத்தைக் கொடுக்க வேண்டும்.