ஏழு பாட்டு, நாலு பக்கம், ஆறு பேர்

லைவ் ஆல்பங்களில் பாதி வெறும் காசு பார்க்கிற சமாச்சாரம். ஸ்டுடியோவில் போட்ட அதே பாட்டு, நடுவுல கொஞ்சம் விசில், கடைசியில் கைதட்டல். அவ்ளோதான். ஆனா 1971 ஜூலையில் வந்த 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' அந்த ரகம் இல்லை மக்களே. ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் யாருன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே இந்த லைவ் ஆல்பத்தால்தான்.

முதலில் ஆட்கள் அறிமுகம். அண்ணன் டுவேன் ஆல்மன், கிதார். தம்பி கிரெக், குரலும் ஆர்கனும். இன்னொரு கிதார் டிக்கி பெட்ஸ். பேஸ் பெர்ரி ஓக்லி. டிரம்ஸுக்கு ரெண்டு பேர்: புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ. 1969-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் சேர்ந்து, ஜார்ஜியா மாநிலத்து மேக்கனுக்குக் குடிபோனார்கள். ஜெய்மோ கறுப்பர், ஏற்கனவே ஓட்டிஸ் ரெடிங்குக்கு வாசித்தவர். மற்ற ஐவரும் வெள்ளையர். சிவில் உரிமைச் சட்டம் வந்து ஐந்தே வருஷம் ஆன அமெரிக்கத் தெற்கில், இப்படி ஒரு கூட்டம் ஒண்ணா ஊர் ஊரா சுத்துறது சின்ன விஷயம் இல்லை.

1969-ல் ஒண்ணு, 1970-ல் ஒண்ணுன்னு ரெண்டு ஸ்டுடியோ ஆல்பம். ரெண்டும் சரியா விற்கலை. ஆனா கச்சேரிக்கு வந்தவன் மறுபடி வந்தான், கூட நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வந்தான். அப்ப சரக்கு மேடையில்தான் இருக்கு, மேடையையே பதிவு பண்ணிடுவோம்னு முடிவெடுத்தார்கள். இடம், நியூயார்க்கில் பில் கிரஹாம் நடத்திய ஃபில்மோர் ஈஸ்ட். 1971 மார்ச். அந்த வார இறுதிக்கு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் ஜானி விண்டருடையது, இவங்களோடது இல்லை :)

நம்ம பொழப்புக்குப் பக்கத்தில் வருகிற ஆள் தயாரிப்பாளர் டாம் டௌட். சின்ன வயசில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்துக்காக வேலை பார்த்தவர். அப்புறம் பாதை மாறி அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸில் ஒலிப்பதிவு இன்ஜினியர் ஆனார். எட்டு டிராக் பதிவை முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருத்தர்.

ஃபில்மோரில் அவர் செய்த பெரிய வேலை, எதையும் சேர்க்காதது. முதல் நாள் மேடையில் சாக்ஸஃபோன் கோஷ்டி ஒண்ணும் ஏறியிருந்தது. டௌட் கேட்டுட்டு, இது வேண்டவே வேண்டாம்னு எடுக்க வைத்தார். கச்சேரி முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய் டேப்பைப் போட்டுக் கேட்பது, எது தேறியது, எதை மறுநாள் திரும்ப வாசிக்கணும்னு பார்ப்பது. ராத்திரி டெஸ்டிங், மறுநாள் ரிலீஸ்!

அதுக்காக கத்தரியே படாத பதிவுன்னும் சொல்ல முடியாது. 'யூ டோன்ட் லவ் மீ' வெவ்வேறு கச்சேரிகளில் வாசித்ததை ஒட்டியது. 'ஸ்டார்மி மண்டே'யில் ஒரு ஹார்மோனிகா பகுதியை வெட்டியிருக்கிறார்கள். ஒட்டு எங்கேன்னு தெரியாத அளவுக்கு வெட்டத் தெரிந்த ஆள் அவர்.

ஏழு பாட்டில் நாலு, கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து வந்த பழைய ப்ளூஸ். முதல் பாட்டு 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்', பார்வையற்ற பாடகர் வில்லி மெக்டெல் 1928-ல் பதிவு செய்தது. ஸ்டேட்ஸ்பரோ ஜார்ஜியாவில் ஒரு ஊர், மெக்டெல்லும் அந்த மாநிலத்துக்காரர்தான். டுவேன் அதில் ஸ்லைடு வாசிக்கிறார். விரலில் மாட்டியிருப்பது ஜலதோஷ மாத்திரை வந்த காலி கண்ணாடிக் குப்பி!

'விப்பிங் போஸ்ட்' ஸ்டுடியோவில் ஐந்து நிமிஷச் சொச்சம். இங்கே 23 நிமிஷம், இசைத்தட்டின் நாலாவது பக்கம் முழுசும். தொடக்கத்தில் ஓக்லியின் பேஸ் பதினோரு எண்ணிக்கையில் உருளும். அதை எழுதின கிரெக்குக்கு அது பதினொண்ணுன்னே தெரியாதாம், அண்ணன்தான் எண்ணிச் சொன்னாராம்.

ஆனா புதுசா கேட்பவர்கள் 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்'டில் ஆரம்பிங்க. பெட்ஸ் எழுதினது, 13 நிமிஷம், பாடல் வரியே கிடையாது. முதலில் பெட்ஸ் வாசிப்பார். அப்புறம் கிரெக்கின் ஆர்கன். குழுத் தலைவர் டுவேன் அதுவரை தன் முறைக்குக் காத்திருப்பார். அவர் உள்ளே வரும்போது, மத்த ரெண்டு பேரும் கட்டி வைத்த உயரத்தில் இருந்துதான் கிளம்புவார். அதுக்கப்புறம் டிரம்ஸ். நீளமா வாசிக்க நிறைய பேருக்குத் தெரியும். அடுத்தவன் வாசிப்பதைக் கேட்டுக்கிட்டே வாசிப்பதுதான் கஷ்டம். என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தின் மொத்த ரகசியமும் அதுதான்.

அட்டைப்படமும் அப்படித்தான். முன்னால் ஆறு பேரும் சிரிக்கிறார்கள், பின்னட்டையில் அவங்க சாமான் தூக்கும் ரோடிகள். அந்தச் செங்கல் சுவர் மேக்கனில் உள்ளது, ஃபில்மோர் இல்லை.

இதுக்குமேல் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1971 ஜூன் 27-ல் ஃபில்மோர் ஈஸ்ட் மூடப்பட்டது, கடைசி ராத்திரி வாசித்தது இவர்கள்தான். ஜூலையில் ஆல்பம் வந்தது. இரட்டைத் தட்டு, விலை கிட்டத்தட்ட ஒற்றைத் தட்டுக்கானது. அக்டோபர் 25-ல் கோல்ட் சான்று. அக்டோபர் 29-ல் மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் போய்விட்டார். வயசு 24. அடுத்த வருஷம் நவம்பரில், அதே ஊரில், அந்த இடத்திலிருந்து சில தெரு தள்ளி, அதேபோல மோட்டார் சைக்கிள் விபத்தில் ஓக்லி. அவருக்கும் 24.

எலிசபெத் ரீட் யாருன்னு சொல்லலையே? மேக்கன் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் பெட்ஸ் பார்த்த பெயர். பின்னாளில் டுவேனையும் ஓக்லியையும் அடக்கம் செய்தது அதே தோட்டத்தில்.

2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்த ஆல்பத்தைப் பாதுகாக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. 2017-ல் டிரக்ஸும் கிரெக்கும் போனார்கள். 2024 ஏப்ரலில் பெட்ஸும் போனபிறகு, அந்த ஆறு பேரில் மிஞ்சியது ஜெய்மோ ஒருத்தர்தான்.

இந்த அணியோடு டுவேன் வாசித்தது ரெண்டரை வருஷம். நல்லவேளை, அந்த மார்ச் மாசம் யாரோ டேப் ஓட விட்டிருந்தார்கள்.