வாப்பாவின் கோவையும் திறைசேரியின் கணினியும்

 

போன கிழமை சக ஆசிரியை ஒருவர் கேட்டார்: "சேர், எங்கட நிலுவைச் சம்பளம் எப்ப வரும்? கேட்டா 'சிஸ்டத்தில போட்டாச்சு' எண்டு மட்டும் சொல்லுகினம்." அரசாங்கக் கணக்கு எப்படி 'சிஸ்டத்துக்குள்' போனது என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்கே சரியாகத் தெரியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் பஹ்ரைனிலிருந்து பெருந்தொகைப் பணம் மதீனாவுக்கு வந்தது. யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பங்கிடுவது? பெயர்களையும் தொகைகளையும் எழுதி வைக்க 'தீவான்' என்ற பதிவேடு அப்போதுதான் உருவானது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சிரியாவில் கிரேக்கத்திலும் ஈராக்கில் பாரசீகத்திலும் எழுதப்பட்டுவந்த வரிக் கணக்குகளைப் பின்னாளில் உமையா கலீபா அப்துல் மலிக் அரபிக்கு மாற்றினார். கணக்கு எந்த மொழியில் இருக்கிறது என்பது அன்றே அரசியலாக இருந்தது.

எங்கள் நாட்டில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தோம்பு எழுதினார்கள். ஒல்லாந்தரின் தலைத் தோம்பில் குடும்பத்து ஆட்கள், நிலத் தோம்பில் காணியும் அதற்குரிய இறையும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டின் முழுக் கணக்கும் வந்துவிடும். பிறகு பிரித்தானியர் வந்தனர். கணக்காய்வாளர் நாயகம் திணைக்களம் தன் தொடக்கத்தை 1799 ஆம் ஆண்டில் வைக்கிறது. அதன்பின் நெடுங்காலம் எல்லாமே பேரேடும் வவுச்சருமாகத்தான் இருந்தது.

கணினி வந்ததும் 'சிகாஸ்' என்ற கணக்கு மென்பொருள் அரச திணைக்களங்களுக்கு வந்தது. ஒவ்வொரு திணைக்களமும் தன் கணக்கைத் தானே பதிந்து, மாத முடிவில் சுருக்கத்தைத் திறைசேரிக்கு அனுப்பும். இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் திறைசேரி பார்த்தது நடந்து முடிந்த செலவை. பொருளுக்குக் கட்டளை கொடுத்து, பணம் இன்னும் கொடுக்காமல் இருந்தால் அந்தக் கடன் உடனே தெரியவராது. கடைக்காரரின் கடன் கொப்பியில் ஏறியது வீட்டுக் கொப்பியில் ஏறாததைப் போல.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் உலகம் ஒருங்கிணைந்த முறைமைகளுக்குப் போனது. தென்கொரியா 2007 இல் 'டிபிரெயின்' முறைமையைத் தொடங்கியது. இந்தியா 2009 இல் தொடங்கிய முயற்சி இன்று 'பி.எஃப்.எம்.எஸ்.' ஆக நிற்கிறது. இலங்கையில் அதன் பெயர் ஒருங்கிணைந்த திறைசேரி முகாமைத்துவத் தகவல் முறைமை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் உதவியோடு தொடங்கி, பல வருடங்கள் இழுபட்டது. வரவு செலவுத் திட்டம், பொறுப்பேற்பு, கொடுப்பனவு, கணக்கு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒதுக்கீடு இல்லாத செலவை முறைமையே மறிக்க வேண்டும்.

இது கணக்காளர்களுக்கு மட்டுமான விசயமா? 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்ததையும், அந்த வருடம் நாங்கள் நின்ற வரிசைகளையும் நினைத்துப் பாருங்கள். 2024 இல் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வந்தது அந்த அடிக்குப் பிறகுதான்.

எனக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பா அரச ஊழியர். நான் பிறந்தது புத்தளத்தில். அவருடைய சேவைக் காலத்தை நிரூபிக்கப் பழைய கோவை தேவைப்பட்டது. ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டியது. ஒரே பிரதி, ஒரே அலுமாரி. அந்த அலுமாரியும் யுத்தத்தோடு போய்விட்டது. ஓய்வூதியத்தில் சில வருடங்கள் குறைந்தபடியே வாப்பா மௌத்தானார்.

அதனால் கணினி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் கணினியில் பிழையாக ஏறினாலும் அது எல்லா இடத்துக்கும் பிழையாகவே போகும். அந்தத் திரையைத் தமிழில் வாசிக்க முடிகிறதா, பிழையென்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்விகளை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆசிரிய உறவுகளே, 'சிஸ்டத்தில போட்டாச்சு' என்றால், எந்தத் திகதியில், எவ்வளவு தொகை என்று கேளுங்கள். சம்பளத் துண்டையும் நியமனக் கடிதத்தையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வாப்பாவிடம் அப்படி ஒரு பிரதி இருக்கவில்லை.