அத்தும் மீறலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஆலை மதில்களின்மேல் வெயிலில் வெளிறிப்போன சிவப்பு எழுத்துகளில் ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ என்றிருக்கும் எச்சரிக்கையை நாள்தோறும் கடந்து ஷிப்டுக்குச் செல்வோர், அதிலுள்ள ‘அத்து’ என்பது யாது என்று நின்று யோசித்திருக்க நியாயமில்லை. எல்லை என்று பொருள்படும் ‘ஹத்’ என்னும் அரபுச் சொல்லே, உருதுவின் வழியாக நம்மிடம் வந்து, ‘ஹாஜிர்’ என்பது ‘ஆஜர்’ ஆனதுபோலத் தன் ஹகரத்தை இழந்து, தாசில்தாரோடும் ஜமாபந்தியோடும் ஒன்றாய்த் தமிழிற் குடியேறிவிட்டது. இன்று அது தனித்து வழங்குவது அரிது. மீறுதல் என்ற வினையைப் பற்றிக்கொண்டே உயிர் தரித்திருக்கிறது.

எல்லையின் அருமை, கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தார்க்குப் புதிதன்று. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்ததைச் சொல்லக் கேட்டு வளர்ந்த மண் இது.

அத்துமீறலுக்கு உடன்பிறப்புப் போன்ற சொல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. ‘அவுட்ரேஜ்’ என்பது அது. ‘அவுட்’ என்பதும், சினம் என்று பொருள்படும் ‘ரேஜ்’ என்பதும் கூடிப் பிறந்ததாக அதைக் கருதுவோர் பலர். உண்மையிலோ, ‘அப்பால்’ என்னும் அர்த்தமுள்ள லத்தீன் ‘உல்ட்ரா’ பழைய பிரெஞ்சு மொழியிற் சிதைந்து, ‘ஏஜ்’ என்ற விகுதியை ஏற்றதனால் விளைந்த சொல் அது. வரம்பு கடத்தல் என்பதே அதன் ஆதிப் பொருள். கடந்தவனுடைய செயலைக் குறித்த சொல், அச்செயலைக் கண்டவர் நெஞ்சிற் பொங்கும் கோபத்தையும் குறிக்கலானது பிற்காலப் பிரயோகம். பத்திரிகைகளில் அதனைக் ‘கொதிப்பு’ என்றும் ‘கொந்தளிப்பு’ என்றும் நாம் பெயர்க்கும்போது இப்பிற்பொருளை மட்டுமே கைக்கொள்ளுகிறோம். கொதித்தவர் முகம் தெரிகிறது, வேலி தாண்டியவன் கால் மறைந்துவிடுகிறது.

சட்டமோ பழைய பொருளைக் கைவிடவில்லை. 1860-இல் இயற்றப்பெற்ற இந்திய தண்டனைச் சட்டத்தின் 354-ஆம் பிரிவு, பெண்ணின் கண்ணியத்திற்கு எதிரான வன்செயலை ‘அவுட்ரேஜ்’ என்ற சொல்லாலேயே சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-ஆம் பிரிவும் அதையே வைத்துக்கொண்டது. நம் போலீஸ் எழுத்திலும் கோர்ட்டிலும் இதற்கு நெடுங்காலமாக வழங்கிவருவது ‘மானபங்கம்’. பங்கம் என்றால் உடைவு, குறை. ஒருவன் செய்த அக்கிரமத்திற்கு, அதற்கு ஆளான பெண்ணிடம் ஏதோ உடைந்து குறைந்துபோயிற்று என்னும் தாத்பரியம் தொனிக்கும் பெயரை வைத்தது பெரும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அவளிடம் எதுவும் உடையவில்லை.

ஆகையால், பத்திரிகைகள் இப்போது ‘பாலியல் அத்துமீறல்’ என்று எழுதிவருவதைக் கண்டு மனம் நிறைகிறது. தொடக்கத்திற் சொன்ன அதே ஆலைகளின் உள்ளே, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவின் விவரம் தாங்கிய அறிவிப்பு கண்ணிற் படும் இடத்தில் இருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு ஒரு பெண் புகார் எழுத உட்காருகிறாள் என்று கொள்வோம். ‘நான் மானபங்கப்படுத்தப்பட்டேன்’ என்று தொடங்கினால் வாக்கியத்தின் எழுவாய் அவள். ‘அவர் என்னிடம் அத்துமீறினார்’ என்று தொடங்கினால் எழுவாய் அவன்.