நொய்யற்கரை வெள்ளிக்காசும் யூத கிறித்தவக் கடவுட்கொள்கை வேறுபாடும்

கொங்குநாட்டு வரலாற்றை ஆராய்வார்க்கு உரோமக் காசுகள் புதியன அல்ல. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் ஒரே குவையாகக் கிடைத்தன. இன்று பின்னலாடைத் தொழிலால் பேர்பெற்றுள்ள திருப்பூர் மாவட்டத்தின் எல்லைக்குள், நொய்யற்கரை ஊராகிய கத்தாங்கண்ணியிலும், உடுமலைப்பேட்டைப் பகுதியிலுள்ள பூதிநத்தத்திலும் இத்தகைய குவைகள் வெளிப்பட்டுள்ளன. முசிறித் துறையிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூர் நோக்கிச் சென்ற பெருவழியை ஒட்டியே இவ்வூர்களுட் பல அமைந்துள்ளன. பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் நொய்யற்கரைக் கொடுமணலே என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. படியூர்ப் பச்சைக்கல்லும் இவ்வழியே மேற்றிசை சென்றிருத்தல் வேண்டும் என்பர். இவ்வளவும் வாணிக வரலாறு. அக்காசுகளின்மேல் பொறிக்கப்பட்ட எழுத்துகள் சமய வரலாற்றிற்கும் சான்றாதல் உண்டு என்பதே ஈண்டு நாம் காட்டக் கருதுவது.

இக்குவைகளில் மிகுதியாகக் காணப்படுவன அகசுத்து, திபேரியு என்னும் இரு பேரரசர்தம் காசுகள். திபேரியு கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். அவன் காசின் ஒருபுறம் அவன் தலையுருவும், அதனைச் சுற்றிச் சுருக்கெழுத்தாக ஓர் இலத்தீன் தொடரும் உள்ளன. தெய்வமாகிய அகசுத்துவின் மகன் திபேரியு சீசர் அகசுத்து என்பது அத்தொடரின் பொருள். மறுபுறம் தலைமைக் குரு என்னும் பட்டமும், அமர்ந்த நிலையில் ஒரு பெண்ணுருவும் உண்டு.

இலத்தீன் தொடரில் உள்ள சொல் திவுசு என்பது. இறந்தபின் தெய்வநிலைக்கு உயர்த்தப்பட்டான் என்பதே அதன் பொருள்; இயல்பாகவே தெய்வமாயுள்ளதற்குத் தெயுசு என்னும் வேறு சொல் உண்டு.  ஆயின் கீழைநாடுகளில் வழங்கிய கிரேக்க மொழி இவ்விரண்டினையும் தெயோசு என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டது. அகசுத்துவைத் தெய்வத்தின் மகன் எனக் குறிக்கும் கிரேக்கக் கல்வெட்டுகள் உள. மொழிபெயர்ப்பில் இரு சொல் ஒரு சொல்லாகும்போது கொள்கை எல்லைகள் மங்குதல் எவ்வாறு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. பின்னரும் இருமுறை இதுவே நிகழக் காண்போம்.

நொய்யற்கரைக்கு வந்த இவ்வகைக் காசுதான், எருசலேமில் இயேசுவிடம் காட்டப்பட்டதாக நற்செய்தி நூல்கள் கூறும் வரிக்காசு என்பது பொதுவாகக் கருதப்படுவது. சீசருக்கு வரி செலுத்தலாமா எனச் சிலர் வினவ, காசினைக் கொணரச் செய்து, இதில் உள்ள உருவும் எழுத்தும் யாருடையன என அவர் மறுவினா எழுப்பினார் என மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரம் உரைக்கிறது. உருவம், எழுத்து என்னும் இரண்டும் யூதர் நெஞ்சில் தைப்பன. மனிதன் ஒருவன் உருவம், அவன் தெய்வத்தின் மகன் என்னும் எழுத்து. இவை இரண்டும் அவர்தம் பத்துக் கட்டளைகளின் தலைவாயிலிலேயே மோதுவன.

எனினும் உருவம் பொறித்த காசு என்றாலே யூதர் தீண்டார் என்று கொள்ளுதல் பொருந்தாது. எருசலேம் கோயில் வரியே தீர் நகரத்து வெள்ளிக்காசில் செலுத்தப்பட்டது. அக்காசில் மெல்கார்த்து என்னும் அயல் தெய்வத்தின் தலை இருந்தது. வெள்ளியின் தூய்மை கருதி அதனை ஏற்றனர். காசில் உருவம் இருப்பதற்கும் உருவத்தை வணங்குவதற்கும் உள்ள வேற்றுமையை அவர் நன்கறிந்திருந்தனர். ஏறத்தாழக் கி.பி. 40-இல் பேரரசன் கலிகுலா தன் சிலையை அக்கோயிலுள் நிறுவ ஆணையிட்டபோது மக்கள் உயிரையும் விடத் துணிந்தனர் என்பதைப் பிலோ, யோசேப்பு என்னும் யூத ஆசிரியர் இருவரும் எழுதியுள்ளனர். 41-இல் அவன் கொலையுண்டமையால் அவ்வாணை நிறைவேறவில்லை.

யூதர்க்குக் கடவுள் ஒருவர், கிறித்தவர்க்கு மூவர் எனச் சுருங்கக் கூறிவிடும் வழக்கம் நம் பாடநூல்களிலும் மேடைகளிலும் உண்டு. இது பிழைபட்ட கூற்று. மேற்கூறிய அதே அதிகாரத்தில் சற்றுப் பின்னர், கட்டளைகளுள் முதன்மையானது யாதென மறைநூல் வல்லார் ஒருவர் வினவுகிறார். இசுரயேலே கேள் எனத் தொடங்கி, இறைவன் ஒருவனே என அறிவிக்கும் இணைச்சட்ட நூல் மொழியையே இயேசு விடையாகத் தருகிறார். வினவியவரும் அதனைப் பாராட்டி ஏற்கிறார். நாள்தோறும் காலையும் மாலையும் யூதர் ஓதுவதும், இறக்குந் தறுவாயில் அவர் நாவில் நிற்பதும் இம்மொழியே. எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதின்று.

வேறுபாடு தொடங்கும் இடம் அதனை அடுத்து வரும் வினாவே. மெசியா தாவீதின் மகன் என்கின்றனரே, தாவீதோ திருப்பாடலில் அவரைத் தன் தலைவர் என்கிறாரே, இஃது எங்ஙனம் என இயேசு கேட்கிறார். சுட்டப்படுவது 110-ஆம் திருப்பாடலின் தொடக்கம். எபிரேய மூலத்தில் அங்கே இரு வேறு சொற்கள் உள்ளன. பேசுபவரைக் குறிப்பது கடவுளின் நான்கெழுத்துத் திருப்பெயர். பேசப்படுபவரைக் குறிப்பது அதோனி. என் தலைவன் என்னும் பொருட்டாய் அரசனையும் ஆண்டையையும் அழைக்க வழங்கும் சொல். முன்னது படைத்தவனுக்கே உரியது. பின்னது மனிதர்க்கும் ஆவது.

அத்திருப்பெயரை யூதர் வாய்விட்டு ஓதார். எழுத்தில் கண்டவிடத்து, ஆண்டவன் என்னும் பொருளுடைய அதோனாய் என்று படிப்பர்; பேச்சில் பெயர் என்னும் பொருள்பட ஃகாசேம் என்பர். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் எபிரேய மறை கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டபோது இவ்வழக்கமே கூரியோசு என்னும் சொல்லாட்சிக்கு இடமளித்தது. எகிப்தில் கிடைத்த, கி.மு. முதல் நூற்றாண்டினதாகிய தாட்சுவடி ஒன்றில் கிரேக்க வரிகளுக்கிடையே அத்திருப்பெயர் மட்டும் எபிரேய எழுத்தால் எழுதப்பட்டிருப்பதும் காண்கிறோம். கிறித்தவர் கையாண்ட படிகளில் கூரியோசே நிலைத்தது. அதனால் திருப்பாடலின் இரு சொற்களும் கிரேக்கத்தில் ஒன்றாயின. திருப்பெயர்க்கும் கூரியோசு, தலைவனுக்கும் கூரியோசு.

ஒரு சொல் மயக்கத்தால் ஒரு சமயம் பிறந்தது என்று இதனைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் இறுதியில், எம் தலைவரே வருக என்னும் பொருளுடைய அரமேயத் தொடர் ஒன்று அவ்வாறே வைக்கப்பட்டுள்ளது. கிரேக்கம் பேசாத முதல் அடியாரிடையிலேயே அவ்வழைப்பு எழுந்துவிட்டது என்பதை அது காட்டும். கிரேக்கச் சொல் செய்தது, முன்னரே இருந்த பற்றுதலுக்கு மறைநூற் சொல்லை வழங்கியதே. அதே திருமுகத்தின் 8-ஆம் அதிகாரத்தில், யூதர் நாள்தோறும் ஓதும் ஒருமை மொழியிலுள்ள கடவுள், ஆண்டவர் என்னும் இரு சொற்களையும் பவுல் பிரித்து வைத்து, முன்னதைத் தந்தைக்கும் பின்னதை இயேசு கிறித்துவுக்கும் உரியதாக்குகிறார். இருவருக்கும் ஒருவரே என்னும் அடையை விடாது சேர்க்கிறார். யூத மரபில் வளர்ந்த ஒருவர் ஒருமையைக் கைவிடாமலே அதன் உள்ளுறையை மாற்றிய இடம் இதுவே. இங்கேதான் இரு சமயங்களும் பிரிகின்றன என்பது நம் கருத்து.

பின்வந்த சங்கங்கள் இதனையே தத்துவ மொழியில் வரையறுத்தன. நிசேயாவில் 325-இல் மகன் தந்தையோடு ஒரே உள்பொருள் உடையவர் எனவும், கல்கதோனில் 451-இல் கிறித்து ஒருவரிடத்தே இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும் பிரியாமலும் உள எனவும் முடிவாயிற்று. மூன்று தெய்வங்கள் என்னும் கூற்றை அச்சங்கங்களும் மறுத்தன. யூதர் மறுப்பது மூன்று என்னும் எண்ணைக் காட்டிலும், பிறந்து வளர்ந்து இறந்த ஒரு மனிதர்க்குத் திருப்பெயரைச் சார்த்துதலையே. மகன் என்னும் சொல்கூட அவர்க்கு அயலானது அன்று. இசுரயேல் மக்களையும் அரசனையும் கடவுளின் மகன் என அவர்தம் மறையே கூறும். அங்கே அது அன்புரிமையைக் குறிக்கும், உள்பொருளைக் குறியாது.

யூத சமயத்திலும் இதுபற்றி ஒரே குரல் இருந்ததெனக் கருதல் வேண்டா. 1168-இல் மிசுனா உரையை முடித்த மைமோனிடீசு, இறைவன் ஒருமையையும் உடலின்மையையும் பதின்மூன்று கோட்பாடுகளுள் அடக்கினார். இறைவனுக்கு உடலுண்டு என்பார் சமயத்திற்குப் புறம்பானவர் என அவர் எழுத, போசுகியேர் ஆபிரகாம் பென் தாவீது என்னும் ஆசிரியர், அவ்வாறு கொண்ட சான்றோர் பலர் உளர் என்று இடித்துரைத்தார். (மைமோனிடீசின் தம்பி தாவீது வாணிகத்தின் பொருட்டு வந்து இந்தியக் கடலில் மூழ்கி இறந்தவர், நம் மேற்குக் கடல் வழி அந்நாளிலும் யூத வணிகர்க்கு எத்துணை அணுக்கமாய் இருந்தது என்பதற்கு அத்துயரும் ஒரு சான்று.) இறைவன் மக்களோடு உறைதலைச் செக்கினா எனப் போற்றுவதும், பிற்காலத்து மறைபொருள் நூலோர் பத்து இறைவெளிப்பாடுகளைப் பேசுவதும் அச்சமயத்துக்குள்ளேயே நிகழ்ந்தன. இவை எவையும் ஒரு மனிதரை வணங்குதற்கு இடந்தரவில்லை என்பதே வரம்பு.

தமிழ் மாணாக்கர்க்கு இவ்வழக்கு முற்றும் புதிதன்று. திருமால் அவதாரங்களை வைணவர் உயிர்நிலையாகக் கொள்ள, சைவ சித்தாந்தமோ இறைவன் கருவயப்பட்டுப் பிறத்தலை உடன்படாது. குருவாய் எழுந்தருளலை மட்டும் ஏற்கும். ஒப்புமை இவ்வளவில் நிற்க. சைவர் திருவுருவ வழிபாட்டை யூதர் ஒப்பார். அவதாரம் பலமுறை நிகழ்வது என்பதைக் கிறித்தவர் ஒப்பார்.

காசு வந்த வழியின் மேலை முனையில் இவ்விரு சமயத்தாரும் பின்னாளில் அருகருகே வாழ்ந்தனர். வேணாட்டு ஐயனடிகள் கி.பி. 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடு கிறித்தவர்க்கு உரியது. அதில் சான்று ஒப்பமிட்டோருள் சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியாக எழுதிய யூதர். ஏறத்தாழக் கி.பி. 1000-இல் பாற்கர இரவிவர்மன் முசிறிப் பகுதி யூதர் தலைவராகிய யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் வழங்கினான். இரு செப்பேடுகளும் வட்டெழுத்தில் அமைந்தவை. வரி, குடை, பல்லக்கு முதலியன பேசுவன. கொள்கைப் பிணக்கு அவற்றில் இடம்பெறவில்லை. வழிபாட்டிடம் எதுவாயினும் பள்ளி என்னும் ஒரு சொல்லே மேலைக்கரை வழக்கில் இருவர்க்கும் போதுமாயிருந்தது.

மறைநூலைத் தமிழாக்கியோர்க்கு அவ்வெளிமை வாய்க்கவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் கடவுளைத் தம்பிரான் என்றது. 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பபிரிசியு பராபரன் என்றார். பவர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்புத் தேவன் என்றது. 1995-இன் திருவிவிலியம் கடவுள் என்கிறது. இம்மாற்றங்களைப் பலரும் எழுதியுள்ளனர். திருப்பெயர்க்கு வந்த சொல்லே நம் ஆய்விற்கு இன்றியமையாதது. ஐக்கிய மொழிபெயர்ப்பு அதனைக் கர்த்தர் என்றது. திருவிவிலியம் ஆண்டவர் என்கிறது. 110-ஆம் திருப்பாடலில் முன்னது கர்த்தர், ஆண்டவர் எனவும், பின்னது ஆண்டவர், தலைவர் எனவும் இரு சொற்களைப் பிரித்தே அமைத்தன. கிரேக்கம் இழந்ததைத் தமிழ் மீட்டது என்னலாம்.

ஆனால் மற்றை இடங்களில் நிலை வேறு. திருப்பெயரைக் கூவி அழைப்போர் மீட்படைவர் என்னும் யோவேல் நூற் கருத்தைப் பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் 10-ஆம் அதிகாரத்தில் இயேசுவைக் குறித்து ஆள்கிறார். ஐக்கிய மொழிபெயர்ப்பில் யோவேலிலும் கர்த்தர், உரோமையரிலும் கர்த்தர். படிப்போர்க்கு அங்கே ஒரு பெருந்தாவல் நிகழ்ந்தமை தோன்றாது. யூதர் ஒருவர் அதனைப் படிப்பின் திகைத்து நிற்கும் இடம் அது. தமிழர் தடையின்றிக் கடந்து செல்லும் இடமும் அது. கிறித்தவக் கொள்கைக்கு அச்சொல்லாட்சி முற்றும் இசைந்ததே. யூத சமயத்தை அதன் மறைநூலின் தமிழ்ப்படி வழியே அறியப் புகும் நம் ஆய்வு மாணாக்கர்க்கு மட்டும் அது போதாது. அவர்க்கு மூலச் சொல்லைக் குறித்துக் காட்டும் பதிப்பு ஒன்று வேண்டும்.

கர்த்தர் என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. செய்பவன் என்பது அதன் வடமொழிப் பொருள். விசயநகர, நாயக்கர் காலச் சாசனங்களில் காரியத்துக்குக் கர்த்தர் என வருமிடத்து, பேரரசன் பெயரால் ஆட்சி நடத்தும் பிரதிநிதியை அது குறிக்கும். ஒருவர் பெயரால் மற்றொருவர் செயற்படுதலை யூத சமயம் எளிதில் ஏற்கும். இறைவாக்கினரும் மெசியாவும் அத்தகையரே. பெயர்க்குரியவரும் பெயரால் வந்தவரும் ஒருவரே என்னும்போதுதான் அது விலகி நிற்கிறது. நாயக்கர் ஆட்சி முடிவுற்று நெடுங்காலம் செல்லாத நாட்டில் மொழிபெயர்த்தோர் அச்சொல்லின் இவ்விரு நிழல்களையும் அறிந்தே எடுத்தனரா என்பதை அவர்தம் குறிப்பேடுகளைக் கொண்டே தெளிதல் வேண்டும். ஐக்கிய மொழிபெயர்ப்பும் விடுதலைப் பயண நூலின் 6-ஆம் அதிகாரத்தில், பழைய முன்னோர்க்கு அறிவிக்கப்படாத பெயர் மோசேக்கு அறிவிக்கப்படும் இடத்தில், கர்த்தர் என்பதை விடுத்து யேகோவா என எழுத நேர்ந்தது. அங்கே பேசப்படும் பொருளே பெயர் ஆதலின்.